அரைக் கட்டை இறக்கிய இரவு

சித்திரை பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். ஆண்டுத் தேர்வு வேலைகளை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், திண்ணையில் தெருக்கூத்து வாத்தியார் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து வெற்றிலை பாக்கும் நூற்றொரு ரூபாயும் எடுத்துத் தட்டில் வைத்தார். அவர்கள் குழுவில் முப்பது வருடமாகப் பெட்டி, அதாவது ஹார்மோனியம், வாசித்தவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இந்தக் கோடை முழுவதும் புழுதியும் விளக்கு வெளிச்சமும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "சாருக்குப் பள்ளிக்கூடம் லீவுதானே, இந்த வருடம் மட்டும் கைகொடுங்கள்" என்றார். நான் வேலூரில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியன். ஹார்மோனியத்தில் கீர்த்தனை வாசிப்பேன், சர்ச்சில் பாமாலைக்கும் வாசித்திருக்கிறேன். கூத்துக்கு வாசித்ததில்லை. ஆனால் சிறு வயதில் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு கேட்ட முகவீணை என்ற ஊதுகுழலின் சத்தம் காதில் இருந்தது. தட்டை வாங்கிக்கொண்டேன்.

கூத்துப் பக்கம் வாசிக்க விரும்பும் இசைக் கலைஞர்கள் சிலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த சீசன் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வட ஆர்க்காட்டில் கோடை என்றால் பாரதம். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் கொடியேற்றி, பதினெட்டு நாளோ இருபது நாளோ நடக்கும். மத்தியானத்தில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்லுவார். திருவிழாவில் பாதி நாட்கள் கழிந்த பிறகு இரவுக் கூத்து தொடங்கும். வில்வளைப்பு, சுபத்திரை திருமணம், ராஜசூயம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று ஒவ்வோர் இரவும் கதை நகரும். கடைசி இரவு பதினெட்டாம் போர், விடிந்தால் படுகளம், மாலையில் தீமிதி. மாவட்டம் 1989இலும் 2019இலும் பிரிந்து இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காக நிற்கிறது. கூத்துக் குழுவுக்கு நான்கும் ஒரே வட்டாரம்தான். ஓர் ஊரில் பட்டாபிஷேகம் முடிந்ததும் வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர் போய்விடுவோம்.

ஐரோப்பாவில் டிக்கெட் விற்று ஆப்பெரா நடத்திய முதல் பொது அரங்கம் 1637இல் வெனிஸ் நகரத்தில் திறந்தது என்று இசைத் தேர்வுக்குப் படித்திருக்கிறேன். இங்கே டிக்கெட் கிடையாது, தலைக்கட்டு வரிதான். வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரே போட்டுக் கூத்தை வைக்கிறது. அதனால் பார்க்க வருகிறவர் ஒவ்வொருவரும் கூத்தை வைத்தவர். ஒரு பாட்டை விழுங்கிவிட்டால் மறுநாள் டீக்கடையில் கேட்பார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

எங்கள் மேளத்தில் ஐந்து பேர். பெட்டி, மிருதங்கம், டோலக், முகவீணை, கைத்தாளம். தாளக்காரரும் வேஷம் இல்லாத ஆட்களும் பின்பாட்டுப் பாடுவார்கள். களரியின், அதாவது ஆடுகளத்தின், பின்பக்கம் பெஞ்சு போட்டு உட்காருவோம், எங்களுக்கு முன்னால் வேஷம் ஆடும். பெட்டி காலால் மிதிக்கும் பழைய பெட்டி. இரண்டு கையும் கட்டைகளுக்கு, இரண்டு காலும் காற்றுக்கு. கைப்பெட்டி வாசித்துப் பழகியவர்களுக்கு முதல் மூன்று இரவு முழங்கால் வலி உயிர் போகும். சீசனுக்கு ஒரு மாதம் முன்பே தினம் அரை மணி மிதித்துப் பழகிக்கொள்ளுங்கள். நான் பழகாமல் போய் அவதிப்பட்டேன்.

முதல் இரவு நான் செய்த தவறு, நன்றாக வாசிக்க நினைத்தது. தொடக்க வாத்திய இசையான மேளக்கட்டு முடிந்தது, கோமாளியான கட்டியக்காரன் வந்து போனான், இரண்டு பேர் திரையைப் பிடித்தார்கள். திரைக்குப் பின்னால் துரியோதனன் விருத்தம் எடுத்தான். அவன் ஒரு வரி பாடி மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் நான் அழகான சங்கதி போட்டு நிரப்பினேன். கச்சேரியில் பக்கவாத்தியம் அப்படித்தான் செய்யும். நாலாவது வரியில் குரல் திணறியது. அடுத்த வேஷம் வந்தபோதும் அப்படியே. நடு ஜாமத்தில் டீ குடிக்கும்போது வாத்தியார் என் தோளில் கை வைத்து, "சார், மூச்சு வாங்கும் இடம் அவனுடையது. அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவன் எங்கே போவான்?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் புரிந்துவிடவில்லை. நாலைந்து இரவு ஆனது. பியானோ படித்த நாளில் ஆப்பெராவின் ரெசிடேட்டிவ் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. பாத்திரம் பாதி பேச்சும் பாதி பாட்டுமாகக் கதையைச் சொல்லிக்கொண்டு போகும். ஹார்ப்சிகார்டு வாசிப்பவருக்கு முன்னால் கீழ்ஸ்வரமும் சில எண்களும் மட்டும்தான் இருக்கும். மீதியை அவர் பாடுகிறவரின் வாயைப் பார்த்துப் போட வேண்டும். பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அது உண்மையில் என்ன வேலை என்பது, புழுதிக் களரியில், சேலை கட்டிய ஓர் ஆண் தொண்டை கிழியப் பாடுவதை முதுகுப் பக்கமிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. முதுகைப் பாருங்கள். கூத்தில் மேளத்துக்கு முகம் தெரியாது. மூச்சு இழுத்தால் தோள்பட்டை ஏறும், வரி முடியும்போது வலது கால் சலங்கை ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டுக்குப் பிறகுதான் பெட்டி பேசலாம்.

இனி பெட்டியைப் பற்றி. அணைக்கட்டுப் பக்கம் ஓர் ஊரில் களரி ஏரியை ஒட்டி இருந்தது. ஏரி வறண்டு மண் பறந்துகொண்டிருந்தது. கத்திரி வெயில் நாள், பகலெல்லாம் அனல், சாயங்காலம் சூறைக்காற்று. ராத்திரி பதினொரு மணிக்கு மத்திம ஸ்தாயி பஞ்சமம் திடீரென்று ஊமையாகிவிட்டது. பெட்டிக்குள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு பித்தளை நாக்கு உண்டு. அந்த நாக்குக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி தலைமுடி அளவுதான். ஒரு மண்துகள் போய் உட்கார்ந்தால் நாக்கு ஆடாது. நான் பதறிப் பெட்டியைத் தட்டினேன். தட்டக் கூடாது, துகள் இன்னும் உள்ளே போய்ச் செருகிக்கொள்ளும். முகவீணைக்காரர்தான் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். மேல் பலகையைத் திறந்து, நாக்கை நகத்தால் ஒரு மயிரிழை தூக்கி, அடியில் டிக்கெட்டை விட்டு மெல்ல இழுத்தேன். மண் காகிதத்தோடு வந்துவிட்டது, பஞ்சமம் பேசியது. அன்று முதல் பெட்டியின் மேல் எப்போதும் ஈரம் பிழிந்த துணி, உள்ளே நாலு பஸ் டிக்கெட். சட்டைப்பையில் ஒரு சின்ன டார்ச்.

துருத்தியில் காற்று கசிந்தால் ஒட்டுவதற்கு நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத் தோல் பட்டறைகளில் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டுகள் மிச்சமாக விழும். உள்ளங்கை அகலத்தில் இரண்டு துண்டு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் டேப் வெயிலில் கழன்றுவிடும். தோலை ஒட்டினால் சீசன் முழுதும் தாங்கும்.

சாப்பாடு ஊர்க்காரர்கள் முறை வைத்துப் போடுவார்கள். களி, கத்திரிக்காய்க் குழம்பு, சில வீட்டில் கறி. ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், அரை வயிறு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் போட்ட குழம்பு வந்தால் கட்டுப்படுத்திக்கொள்வது கஷ்டம்தான். ஐஸ் தண்ணீர் வேஷக்காரர்களுக்கு மட்டுமல்ல, பின்பாட்டுப் பாடுகிற எல்லோருக்கும் ஆகாது. பகல் தூக்கம் வேப்பமரத்தடியில்.

மைக் பற்றி ஒரு வார்த்தை. களரிக்கு மேல் இரண்டு மைக் தொங்கும். மேளத்துக்குத் தனி மைக் வைக்கிறேன் என்று சவுண்டு சர்வீஸ்காரர் அன்போடு வருவார். முகவீணைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு முழம் நீளம்கூட இல்லாத குழல் அது, ஆனால் அதன் குரல் மைக் இல்லாமலே ஊர்க்கோடி வரை போகும். பெட்டிக்கு ஒன்று போதும், அதையும் பாதி அளவில்.

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன். பகடை துகில். திரௌபதி வேஷம் கட்டுபவர் பகலில் ஆம்பூரில் ஷூ தைக்கும் வேலை பார்ப்பவர், சீசனுக்கு லீவு போட்டுவிட்டு வருவார். அடுத்தடுத்து இரண்டு ஊர்; ஒன்பது இரவு ஓய்வில்லாமல் பெண் வேஷம் எல்லாவற்றையும் அவரே பாடியிருந்தார். எங்கள் குழுவின் சுருதி ஐந்து கட்டை. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்லுவோம், எண் கூடினால் சுருதி ஏறும். மைக் இல்லாத காலத்தில், ஊர் முழுவதும் கேட்க வேண்டும் என்பதற்காக வைத்த உச்சம் அது. அன்று சாயங்காலம் அவர் பேசியபோதே குரலில் மணல் இருந்தது. ஒப்பனைக் கொட்டகையில் முத்துவெள்ளை பூசிக்கொண்டு, மேல் ஸட்ஜத்தைத் தொட்டுப் பார்த்தார், வரவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பனங்கற்கண்டும் மிளகும் போட்ட வெந்நீர் அவர் பக்கத்தில் ஆறிப்போய்க் கிடந்தது.

நான் வாத்தியாரிடம் போய், நாலரைக்கு இறக்கிவிடலாம் என்றேன். அரைக் கட்டைதான். கேட்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பெட்டியில் அடுத்த கட்டைக்குக் கையை நகர்த்தினால் ஆயிற்று என்று நினைத்தேன். நான் நினைக்காதது இரண்டு. ஒன்று, ஐந்து வெள்ளைக் கட்டை, நாலரை கறுப்புக் கட்டை. விரல் பழக்கம் முழுதும் மாறும். இரண்டாவதுதான் பெரியது. முகவீணைக்காரர் தன் குழலை என் கையில் கொடுத்து, "இதன் துளைகளை நான் எங்கே நகர்த்துவது சார்?" என்று கேட்டார். வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அது செருகியிருக்கும் கெண்டையில் நூல் சுற்றி வைத்தால் சுருதி சிறிது இறங்கும், அரைக் கட்டை இறங்காது. இழுத்து இறக்கினாலும் மேல் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று சேராது.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார். அவருடைய அப்பா வாசித்த குழல் ஒன்று வீட்டில் இருக்கிறது, இதைவிட விரற்கடை நீளம் கூட, அது நாலரை. வீடு ஒடுகத்தூர் தாண்டி. ஒரு பையனை டி.வி.எஸ். மொபெட்டில் அனுப்பினோம்.

அதுவரை என்ன செய்வது? மிருதங்கக்காரர் தோலைச் சுற்றியுள்ள மூட்டு வளையத்தைக் கீழிருந்து தட்டித் தட்டிச் சுருதியை இறக்கினார். சீக்கிரம் இறக்கினால் ராத்திரிப் பனியில் இன்னும் தளர்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு கண்ணாகத் தட்டி, வாசித்துப் பார்த்து, மறுபடி தட்டி, கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். டோலக்காரர் கயிற்றைத் தளர்த்தினார். கட்டியக்காரன் வேஷம் கட்டியவருக்கு விஷயம் சொன்னோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை, களரிக்குப் போய், வழக்கமாக இருபது நிமிடம் செய்வதை முக்கால் மணி நேரம் நீட்டினார். ஊர் நாட்டாண்மையின் புது பைக் முதல் கோயில் கூழ் வரை எதையும் விடவில்லை. ஜனங்கள் சிரித்தது எங்களுக்கு மேளத்துக்குள் பெருமூச்சாக வந்தது. ஒரு குழுவில் ஒருவர் குரல் போனால் அதை எத்தனை பேர் தாங்க வேண்டியிருக்கிறது என்று அன்று பார்த்தேன்.

முகவீணை இல்லாமல் பத்தரை மணிக்குத் தொடங்கினோம். சூதாட்டம் வரை பெட்டியும் மேளமும் மட்டும். ஒரு மணிக்கு மொபெட் வந்தது. பழந்துணியில் சுற்றிய குழலை அவர் வாங்கி, சீவாளியை வாயில் ஈரப்படுத்தி, ஊதாமல் விரல்களை மட்டும் துளைகளில் வைத்துப் பார்த்தார். பல வருடம் பேசாத குழல். முதல் ஊதலில் காற்றுதான் வந்தது. மூன்றாவதில் ஸட்ஜம் வந்தது. நான் நாலரையை அழுத்திப் பிடித்திருந்தேன். இரண்டும் சேர்ந்தன.

விடியற்காலை மூன்று மணி இருக்கும், துச்சாதனன் கூந்தலைப் பற்றி இழுத்து வந்தான். துகிலில் கை வைப்பதற்கு முன் அந்த வேஷக்காரர் நின்று, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, "தாயே, இது வேஷம், என்னை மன்னித்துவிடு" என்று வேண்டிக்கொண்டார். பெண்கள் எழுந்து நின்று கையெடுத்தார்கள். திரௌபதி முகாரியில் எடுத்தார். இங்கே ஹார்மோனியத்தைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அகில இந்திய வானொலி 1940இல் இந்த வாத்தியத்தைத் தடை செய்தது, 1971இல்தான் தளர்த்தியது. ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் அதில் வராது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. அந்தத் தடையில் எனக்குச் சம்மதமில்லை, குற்றச்சாட்டு மட்டும் சரிதான். முகாரியின் அழுகை இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் இருக்கிறது, பெட்டியில் அந்த நடுவிடம் இல்லை. அதனால் நான் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களைத் தூக்கிவிட்டேன். குரலும் முகவீணையும் அந்த நடுவிடத்தில் ஒன்றையொன்று தடவிக்கொண்டு போயின. 'கண்ணா' என்று மேலே போகும்போது அவருடைய தோள் ஏறியது. நான் மிதிப்பதைக் கூடக் குறைத்தேன். அரைக் கட்டை கீழே, குரல் உடையாமல் போய்த் தொட்டு நின்றது.

எனக்கு முன்னால் ஒரு பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சுருதி இறங்கியது அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் மேளப் பெட்டியில் இரண்டு குழல் இருக்கும். எந்தக் கூத்துக்குப் போனாலும் சீசன் தொடங்கும் முன்பே இதைப் பேசிக்கொள்ளுங்கள்: ஐந்தாவது இரவுக்கு மேல் குரல் இறங்கும், எவ்வளவு இறங்கலாம், அதற்கு யாரிடம் என்ன வாத்தியம் இருக்கிறது என்று. அன்றைக்கு அன்று யோசித்தால் எல்லோர் வீட்டிலும் அப்பாவின் குழல் இருக்காது.

அர்ச்சுனன் தபசு இரவு அழகானது, ஆனால் மேளத்துக்கு வேலை குறைவு. தபசு மரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டே அர்ச்சுனன் பாடுவார், கீழே குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு காத்திருப்பார்கள், மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழும். மரத்தின் மேல் மைக் இல்லையென்றால் பெட்டியை நிறுத்திவிட்டுத் தாளம் மட்டும் கொடுங்கள்.

பாரதம் இல்லாத நாட்களில் இரண்டு பள்ளிகளில் கோடை முகாம் பிள்ளைகளுக்குக் கூத்து நடத்தினோம். எட்டு மணி நேரத்தை ஒன்றரை மணிக்குள் சுருக்க வேண்டும். அபிமன்யு சண்டையை எடுத்துக்கொண்டோம். முதல் பள்ளியில் பாட்டுகளைக் குறைத்து வசனத்தை வைத்தோம், பிள்ளைகளுக்குக் கதை புரிய வேண்டும் என்று. அரை மணியில் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். அது என் யோசனை, தவறான யோசனை. அடுத்த பள்ளியில் வசனத்தை வெட்டிவிட்டு, திரைப் பிரவேசங்களையும் அடவுகளையும் தரு என்னும் பாட்டுகளையும் வைத்தோம். திரையைப் பிடிக்க இரண்டு பிள்ளைகளையே அழைத்தோம். சக்கர வியூகத்துக்குள் அபிமன்யு போகும்போது முன்வரிசையில் ஒரு சிறுமி, "போகாதே!" என்று கத்தினாள். கூத்தைச் சுருக்குகிறவர்கள் பேச்சில் சுருக்கட்டும். பிறகு பிள்ளைகளை வரிசையில் விட்டு வாத்தியங்களைத் தொட விடுங்கள், அதற்குத் தனியாக அரை மணி ஒதுக்குங்கள். வேஷத்தின் தோள் அணியான புஜக்கட்டையைத் தோளில் வைத்துப் பார்த்த பையன் ஒருவன் கழற்ற மறுத்தான்.

வைகாசிக் கடைசியில் ஒரு பெரியவர் இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்குக் கர்ண மோட்சம். எங்கள் பக்கத்தில் அந்த வழக்கம் உண்டு. தெருவிலேயே களரி, மைக் இல்லை, நாற்பது ஐம்பது பேர். பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் இடத்தில், இறந்தவரின் மகள்கள் இருவரும் களரி ஓரத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் கேட்காமலே மிருதங்கக்காரர் விரல் நுனியால் வாசிக்கத் தொடங்கினார். நான் ஒரே ஒரு ஸ்வரம் பிடித்திருந்தேன். இந்த மாதிரி வீடுகளில் பங்கு, பணம் எதையும் காலை வரை பேசாதீர்கள். வாத்தியார் பேசுவார்.

ஆனி பிறக்கும் முன் எனக்குப் பள்ளி திறந்துவிட்டது. கடைசி இரவு பழைய பெட்டிக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து விடியும் வரை கேட்டார். படுகளம் முடிந்து, களிமண் துரியோதனனின் மேல் நின்று திரௌபதி கூந்தல் முடிந்த பிறகு, பெட்டியைக் கட்டும்போது பக்கத்தில் வந்தார். என்ன சுருதியில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நாலரை என்றேன். முப்பது வருடம் ஐந்தில் வாசித்தவர். பெட்டியின் மேல் பலகையைத் தடவிப் பார்த்தார், உள்ளே இருந்த பஸ் டிக்கெட்டுகளைப் பார்த்தார். உட்கார்ந்து மிதித்து அந்தக் கறுப்புக் கட்டையை அழுத்தினார். வேஷம் கலைத்துக்கொண்டிருந்த திரௌபதியைக் கூப்பிட்டு, "ஒரு வரி எடு தம்பி" என்றார். அரிதாரம் பாதி துடைத்த முகத்தோடு அவர் எடுத்தார். பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு வரி கேட்டார். பிறகு பெட்டியை மூடி, "வாத்தியாரே, அடுத்த வருடமும் நாலரையிலேயே இருக்கட்டும்" என்றார்.